பட்டனை அமுக்கினது போதும், மாப்ளே!

மாப்ளே, பள்ளிக்கூட லீவு விட்டதும் பிள்ளைங்களை மறுபடியும் அந்த மரினா அணைக்கட்டுக் காட்சிக்கூடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்னு போன்ல சொன்னே. கூடவே உன் ஆபீஸ் சிநேகிதன் குடும்பத்தையும் சேர்த்துக்கிட்டியாம். ரொம்ப சந்தோஷம். டிக்கெட் கிடையாது, ஏசி உண்டு, பிள்ளைங்க ரெண்டு மணி நேரம் செல்போன் கேக்காது. சிங்கப்பூர்ல இதைவிட மலிவா ஒரு புண்ணியம் கிடைக்குமா? ஆனா போறதுக்கு முன்னாடி இந்தக் கிழவன் சொல்றதையும் கொஞ்சம் காதுல போட்டுக்க. போன தடவை உங்களோட வந்து நானும் பூராவும் சுத்தினவன்தானே. நீங்கள்லாம் சுவத்தைப் பார்த்தீங்க. நான் உங்களைப் பார்த்தேன்.

அந்தக் கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன். கூரை பூராவும் புல்லு வளர்த்து வச்சிருக்கான். கீழே தண்ணி வேலை நடக்குது, மேலே பிள்ளைங்க பட்டம் விடுதுங்க. எனக்குத்தான் கை பரபரன்னு இருந்துச்சு. அவ்வளவு புல்லு, ஒரு கன்னுக்குட்டி கிடையாது. கட்டிப்போட்டா ஃபைன் எவ்வளவுன்னு உன்கிட்ட கேட்டேன், நீ சிரிச்சுட்டு நகந்துட்டே. பதில் இன்னும் வரலை.

அப்புறம் அந்த அணை. "மாமா, கடல் தண்ணி உள்ள வராம, மழைத்தண்ணி வீணாப் போவாம இங்க தடுக்கறாங்க பாருங்க"ன்னு உலக அதிசயத்தைக் காட்டறாப்புல கையை நீட்டினே. நான் ஒரு பார்வைதான் பார்த்தேன். யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நம்ம தலைஞாயிறு பக்கம் ஆறு கடலுக்குப் போற இடத்துல நிக்குதே டெயில் எண்ட் ரெகுலேட்டர், அதோட ஒண்ணுவிட்ட தங்கச்சி. பவுடர் போட்டு, பட்டுக் கட்டி, கழுத்து நிறைய நகையோட கல்யாணப் பொண்ணா உக்கார வச்சிருக்கான். வேலை ஒண்ணுதான். உப்புத்தண்ணியே, நீ அங்கேயே நில்லு. நல்ல தண்ணியே, நீ இங்கேயே இரு. நம்மூர்ல அதுக்கு ஒரு லஸ்கர், ஒரு சாவி, சாவி கிடைக்காத அன்னிக்கு ரெண்டு ஊருக்கு நடுவுல ஒரு சண்டை. அங்க 350 மீட்டர் அகல வாய்க்கு ஒன்பது இரும்புக் கதவு. மழை கொட்டற நேரத்துல கடல் வத்தமா இருந்தா கதவைச் சாய்ச்சுத் தண்ணியைக் கடலுக்கு விடறான். கடல் ஏத்தமா இருந்தா கதவைத் தொடமாட்டான், ஏழு பெரிய பம்பைப் போட்டு மிச்சத்தை இறைச்சு வெளியே தள்ளறான். இதனால பழைய சைனாடவுன், கேலாங் பக்கமெல்லாம் தண்ணி நிக்கிறது குறைஞ்சுதாம். கதவோட மூளையும் சாவியும் ஒரே ஆள்கிட்ட இருக்கு. எனக்குப் பொறாமை அதுலதான்.

2008ல அணையைத் திறந்தான். உள்ள இருந்த உப்பு மழையில கழுவிக் கழுவிப் போயி, 2010ல அது குடிதண்ணி ஏரி ஆயிடுச்சு. பத்தாயிரம் ஹெக்டேர் நிலத்துல விழற மழை அங்க வந்து சேருது. தீவுல ஆறுல ஒரு பங்கு. கடைத்தெரு, அடுக்குமாடி, ரோடு, எல்லாத்து மேலயும் விழற மழைதான் குடிக்கிற தண்ணி. இதைக் கேட்டப்புறம் ஆர்ச்சர்ட் ரோட்டுல நடக்கும்போது எச்சித் துப்பத் தோணுமா? அங்க ஏற்கெனவே தோணாது, ஃபைன் இருக்கு. அது வேற விஷயம்.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். உள்ள நுழைஞ்சதும் நீ என்ன பண்ணினே? கவினையும் யாழினியையும் ஒரு தொடுதிரைக்கு முன்னாடி நிறுத்தி, "படிங்க, படிங்க, இது ரொம்ப முக்கியம்"னு சொல்லிட்டு, நீ பெஞ்சுல உக்காந்து ஆபீஸ் மெயில் பார்த்தே. பிள்ளைங்க கேள்விக்கெல்லாம் டக்டக்குனு பட்டனை அமுக்குதுங்க. குளிக்கிறதுக்கு எவ்வளவு நேரம், பல்லு விளக்கும்போது குழாய் திறந்திருக்கணுமா, எந்தக் குப்பை எந்தத் தொட்டியில. எல்லாம் சரி. பச்சை விளக்கு எரியுது, கைதட்டற சத்தம் வருது. யாழினி திரும்பி, "அப்பா, நான் பூமியைக் காப்பாத்திட்டேன்"னுது. நீயும் தலையை நிமித்தாமலே "வெரி குட்"னு சொன்னே. பூமியைக் காப்பாத்தற வேலை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. அடுத்து ஐஸ்கிரீம்.

கண்காட்சின்னு போட்டா பெரியவங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவாங்க. பாடம் எல்லாம் பெரியவங்களுக்குத்தான். அதைச் சத்தமா சொன்னா யாரும் வரமாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். அதான் பட்டனைப் பிள்ளைங்க உயரத்துல வச்சிருக்கான். குழாய்க்குப் பணம் கட்டறது எட்டு வயசுப் பிள்ளையா? ஏசி ரிமோட் யார் கையில இருக்கு? கவின் கையில இருந்தா பரவாயில்லை, மாப்ளே. நீதான் அதைத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுத் தூங்கறே.

அந்த ஏசியைப் பத்தி ஒரு வார்த்தை. 25 டிகிரிக்குக் குறையாம வைங்கன்னுதான் அந்த ஊர் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லுது. உன் ரூமுல 20. நீயும் செல்வியும் கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டுக் கிடக்கீங்க. எனக்கும் உங்க அத்தைக்கும் பாசமா ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக் குடுத்தே. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல, காசு கட்டி ஊட்டியை வரவழைச்சு, அந்தக் குளிருக்குப் பயந்து ஸ்வெட்டர் வாங்கின குடும்பம் நம்மது. அந்த ஊர் மின்சாரத்துல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல இயற்கை எரிவாயுவுல வர்றது. வீட்டுக் கரண்டுல கால்வாசி அளவுக்கு ஏசியே தின்னுடுதாம். பாவம், யாழினி காப்பாத்தின பூமியை நீ ராத்திரிக்கு ராத்திரி உறைய வச்சுக்கிட்டு இருக்கே.

கோவிச்சுக்காதே. உன்னைச் சொல்ற உரிமை எனக்கு உண்டு, நான் உன் மாமன்.

தண்ணி விஷயத்துல அந்த ஊருக்கு வந்த புத்தி கண்காட்சியால வந்ததில்லை. தாகத்தால வந்தது. 1963-64ல பத்து மாசம் தண்ணியை அளந்து விட்டிருக்காங்க. குடிக்கிற தண்ணிக்குப் பக்கத்து நாட்டைப் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டிய நிலைமை. ஜோகூர்லேர்ந்து தண்ணி எடுக்க 1962ல போட்ட ஒப்பந்தம் 2061 வரைக்கும் ஓடுது. மேலே இருக்கறவன் திறந்தாத்தான் கீழே நமக்குன்னு உக்காந்திருக்கிற வேதனை கடைமடைக்காரனுக்குத் தெரியாதா? ஜூன் 12 வந்தா மேட்டூர் அணை திறக்குமான்னு பார்க்கிற ஊரு நம்மது. ஆனா அவன் அதோட நிக்கலை. 1977ல லீ குவான் இயூ சொன்னாரு, பத்து வருஷத்துல சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் சுத்தமாகணும்னு. ஆத்தங்கரையில இருந்த பன்னிப் பண்ணை, வாத்துப் பண்ணையை எடுத்தான். தெருவுல சமைச்சு வித்தவங்களுக்குக் கூரை போட்ட கடை கட்டிக் குடுத்தான். சரக்குப் படகையெல்லாம் 1983ல பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினான். 1987ல ஆறு சுத்தம். அந்த ஆறு நாறிக்கிட்டே இருந்திருந்தா, அதுக்கு வாயில அணை கட்டி எவன் குடிப்பான்?

எல்லாம் வலிக்காம நடந்துடலை. பண்ணை வச்சிருந்தவன் பிழைப்பு போச்சு, படகோட்டி இடம் மாறினான். கண்காட்சியில சுத்தமான ஆத்துப் படம் பெருசாத் தெரியும். வாத்து வித்தவன் முகம் தெரியாது. உன் பிள்ளைங்ககிட்ட அதையும் சொல்லு. சுத்தம்னா யாரோ ஒருத்தன் இடத்தைக் காலி பண்ணியிருக்கான்னு அதுங்களுக்குத் தெரியணும்.

நியூவாட்டர் கதையை மறக்க முடியுமா? பிடோக்ல அதுக்குன்னே ஒரு பார்வையாளர் கூடம் வச்சிருந்தான், 2024ல மூடிட்டான். அது திறந்திருந்த காலத்துல எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனியே. கண்ணாடிக்கு அந்தாண்ட வரிசையா குழாய். சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி, மறுபடியும் மெல்லிசா வடிகட்டி, அழுத்தம் குடுத்து இன்னொரு சவ்வு வழியாத் தள்ளி, கடைசியில புற ஊதா விளக்கு வெளிச்சத்தைக் காட்டி அனுப்பறான். உங்க அத்தை எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டா. முடிவுல கையில ஒரு பாட்டிலைக் குடுத்தாங்க. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது மொதல்ல யாரு வீட்டுது?"ன்னு கேட்டா. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே "எல்லாரு வீட்டுதும்தான் பாட்டி"ன்னுது. அத்தை பாட்டிலை மடியில கட்டிக்கிட்டு வந்து உன் வீட்டு மணி பிளான்ட்டுக்கு ஊத்திட்டா. அந்தச் செடி இன்னிக்கு ஜன்னல் தாண்டிப் போயிருக்குன்னு செல்வி சொன்னா.

ஆனா ஒண்ணு. 2002 தேசிய தினத்துல அந்த ஊர்ப் பிரதமர் கோ சோக் தோங் அந்தத் தண்ணியைக் கையில எடுத்து, கூட்டத்தோட சேர்ந்து குடிச்சுக் காட்டினாரு. ஊருக்கு உபதேசம் பண்றவன் முதல் மடக்கைத் தான் குடிச்சான் பாரு, அந்த இடத்துல எனக்கு மரியாதை வந்துச்சு. இன்னிக்கும் அதுல பெரும்பங்கு தொழிற்சாலைக்குத்தான் போவுது. சில்லு செய்யறவனுக்கு அவ்வளவு சுத்தமான தண்ணி வேணுமாம். வறட்சி வந்தா கொஞ்சம் ஏரியில கலக்கறான். அத்தைகிட்ட இந்தக் கடைசி வரியை மட்டும் சொல்லிடாதே. உன் வீட்டுல குடிச்ச காப்பியை நினைச்சு இப்ப வருத்தப்படுவா.

பள்ளிக்கூடத்துல தண்ணிப் பங்கீட்டுப் பயிற்சின்னு ஒண்ணு நடந்துச்சாமே. பொதுப் பயனீட்டுக் கழகம் சொல்லி, குழாயை மூடிட்டு, பிள்ளைங்க கையில வாளியைக் குடுத்து வரிசையில நிக்க வச்சுத் தண்ணி பிடிக்கச் சொன்னாங்களாம். கவின் பெருமையா சொன்னான். நம்ம தெருவுல இருக்கற பொம்பளைங்களைக் கேளு, வருஷம் பூராவும் அந்தப் பயிற்சிதான். குடம் வச்சு, கல்லு வச்சு, அந்தக் கல்லு நகந்ததுக்குப் பஞ்சாயத்து வச்சு. ஒருத்தருக்கும் சான்றிதழ் குடுக்கலை.

இப்ப குப்பைக்கு வருவோம். உங்க பிளாக்குக்குக் கீழே நீலத் தொட்டி நிக்குதே, அதுல பேப்பர், பாட்டில், டப்பா எல்லாம் போடலாம்னு கண்காட்சியில பிள்ளைங்க கரெக்டா அமுக்குச்சு. அன்னிக்கு ராத்திரி நீ என்ன போட்டே தெரியுமா? பிரியாணி வாங்கின டப்பா. உள்ள அரை முட்டையும் எலும்பும் அப்படியே. சால்னா வழிஞ்சு பக்கத்துல இருந்த நாளிதழ் பூராவும் ஊறிப்போச்சு. அந்தத் தொட்டிகள்ல விழறதுல நாப்பது சதவீதம் இப்படித்தான் அழுக்காகி வீணாப் போவுதாம். 2023ல அந்த ஊர் வீட்டுக் குப்பையில 12 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போச்சு. கணக்கைப் பார்த்தப்புறம் உன் மேல இருந்த கோவம் குறைஞ்சுது. ஊரே உன் சாதிதான்.

மிச்சக் குப்பையை எரிச்சு, சாம்பலைப் படகுல ஏத்தி, செமாக்காவ்னு ஒரு தீவுல கொண்டு கொட்டறான். 1999லேர்ந்து கொட்டறான். அந்த நாட்டுக்கு இருக்கறது அந்த ஒரு குழிதான். 2035 வாக்குல அது நிறைஞ்சிடும்னு சொல்றாங்க. அப்ப கவினுக்கு மீசை முளைச்சிருக்கும். உன் பிரியாணி டப்பாவுக்கு அவன்தான் இடம் தேடணும்.

இதுக்கு நடுவுல, மாசத்துக்கு ஒரு தடவை வாசல்ல ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்ற காராங் குனிக்காரர் இருக்காரே, பழைய பேப்பர், பழைய மிக்ஸி எடுக்கறவர். அவர் எந்தத் திரையையும் தொட்டதில்லை. செல்வி கட்டி வச்ச பேப்பர்ல ஈரம் இருக்கான்னு விரலால தடவிப் பார்த்துட்டுத்தான் எடுத்தாரு. ஈரமா இருந்ததை அப்படியே வாசல்ல வச்சுட்டுப் போயிட்டாரு. எனக்கு அந்த ஊர்லயே பிடிச்ச கண்காட்சி அவர்தான். ஒரு வார்த்தை பேசலை, செல்வி அடுத்த மாசத்துலேர்ந்து பேப்பரைத் தனியா எடுத்து வைக்க ஆரம்பிச்சா.

பைக்கு அஞ்சு காசுன்னு 2023 ஜூலையில பெரிய பேரங்காடியில போட்டாங்கல்ல? அதுவும் அந்த ஜாதி வாத்தியார்தான். அஞ்சு காசுக்கு யாருமே ஏழையாயிட மாட்டாங்க. ஆனா கடையில நின்னு, "பை வேணுமா?"ன்னு அந்தப் பொண்ணு கேக்கும்போது, கையில ரெண்டாயிரம் வெள்ளி போனை வச்சிருக்கறவன் தயங்கறான் பாரு, அங்கதான் படிப்பு. நீ தயங்கி, காய்கறி கட்டற இலவசச் சின்னப் பையை நாலு உருவிக்கிட்டு வந்தே. அதையும் பார்த்தேன்.

நம்ம ஊர் மட்டும் ஒழுங்கான்னு நீ கேப்பே. எங்க காலத்துலன்னு ஆரம்பிக்கிற கிழவன் நான் இல்லை. எங்க காலத்துலதான் வாய்க்கால் கரையெல்லாம் வீடாச்சு. எங்க காலத்துலதான் கடைமடையில நெல்லு போட்ட நிலத்தை இறால் குட்டையா வெட்டினான். உப்பு ஊறிக் கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாமப் போச்சு. அதை எதிர்த்து சர்வோதயத்து ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் பாத யாத்திரை, சத்தியாகிரகம்னு போயி, கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயி, 1996ல குட்டைக்கு எதிராத் தீர்ப்பு வந்துச்சு. அந்தப் போராட்டத்துக்கு ஒரு தொடுதிரை கிடையாது. போன மாசம் நம்ம தெருக் கல்யாணத்துல பந்திக்குப் பந்தி சின்னத் தண்ணி பாட்டில். பாதி குடிச்சுட்டுப் பாதி இலையில சரிச்சு வச்சாங்க. அந்தப் பாட்டிலெல்லாம் இப்ப வாய்க்கால்ல மிதந்து கடலைப் பார்த்துப் போய்க்கிட்டு இருக்கு. நம்ம ரெகுலேட்டர் கதவுல சிக்கி நிக்கும். லஸ்கர் துறட்டியால எடுத்துக் கரையில போடுவாரு. மழை வந்தா மறுபடியும் உள்ளே.

சரி, புத்திமதி கேட்டே. கேக்கலையா? பரவாயில்லை, சொல்றேன்.

இந்தத் தடவை கண்காட்சிக்குப் போனா பட்டனை நீ அமுக்கு. பிள்ளைங்க பெஞ்சுல உக்காரட்டும். தப்பா அமுக்கினா அதுங்க சிரிக்கட்டும். அப்பன் முழிக்கிற முழியைவிட நல்ல பாடம் பிள்ளைங்களுக்குக் கிடையாது. உன் சிநேகிதனையும் அமுக்கச் சொல்லு. ரெண்டு பேர் மானமும் ஒண்ணாப் போனா வருத்தம் தெரியாது.

அதுக்கும் முன்னாடி, கிளம்பற அன்னிக்குக் காலையில, மாசாமாசம் வர்ற கரண்டு-தண்ணி பில்லை எடுத்து மேசை மேல விரிச்சுப் போடு. பணம் எவ்வளவுன்னு பார்த்துட்டு மடிச்சு வச்சுடற ஆளு நீ. நான் உன் வீட்டுல வேலை வெட்டி இல்லாம உக்காந்திருந்தப்ப அதைப் பூராவும் படிச்சவன். உன் வீடு எவ்வளவு செலவழிச்சுது, உங்க பிளாக்குல உன்னை மாதிரி வீடு எவ்வளவு, நாடு பூராவும் எவ்வளவுன்னு பக்கத்துல பக்கத்துல கோடு போட்டுக் காட்டியிருக்கான். உன் கோடு அடுத்த வீட்டுக் கோட்டைவிட உசரம். ஒரு நாளைக்கு ஆளுக்கு 2023ல அந்த ஊர்ல சராசரி 141 லிட்டர். 2030க்குள்ள 130க்குக் கொண்டு வரணும்னு நினைக்கிறான். கொரோனா நேரத்துல எல்லாரும் வீட்டுலயே கிடந்தப்ப அது 150ஐத் தாண்டிப் போச்சு. உன் பில்லை ஆளுக்கு வகுத்துப் பார்க்கச் சொல்லி யாழினிகிட்ட குடு. கணக்கு நல்லாப் போடுவா. விடை வந்ததும் அவ உன்னை ஒரு பார்வை பார்ப்பா. அதுக்குத் தயாரா இரு.

குளிக்கும்போதே எத்தனை லிட்டர் ஓடுதுன்னு காட்டற சின்னக் கருவியைப் பத்தாயிரம் புது வீடுகளுக்குப் போட்டுக் குடுக்கற திட்டம் ஒண்ணு அந்த ஊர்ல வந்துச்சு. எண்ணு கண்ணு முன்னாடி ஓடினா ஆளுக்கு நாளைக்கு அஞ்சு லிட்டர் மிச்சமாகுதுன்னு ஆராய்ஞ்சு பார்த்துட்டுத்தான் செஞ்சான். போதனை பண்ணலை, பயமுறுத்தலை, எண்ணைக் காட்டினான், அவ்வளவுதான். விலையையும் ஏத்திட்டான், அது உனக்கே தெரியும். 2017ல ஏறினப்ப எனக்குப் போன் பண்ணி அழுதியே. காட்சிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் கைதட்டல், பில்லுல அப்பனுக்குக் குட்டு. ரெண்டும் சேர்ந்தாத்தான் அந்த ஊர் அரசாங்கத்துக்கு நிம்மதி.

ஏசியை 25ல வை. ஸ்வெட்டர் ரெண்டையும் பார்சல்ல இங்க அனுப்பிடு, மார்கழிக்கு ஆகும். பிரியாணி டப்பாவைக் கழுவிட்டுத் தொட்டியில போடு. கழுவற தண்ணிக்குக் குழாயைத் திறந்து விட்டுட்டுப் பாட்டுக் கேக்காதே. கடைக்குப் போனா மஞ்சப்பையை எடுத்துக்கிட்டுப் போ. அத்தை உனக்கு நாலு தச்சுக் குடுத்துருக்கா, நாலும் உன் சூட்கேஸுல இன்னும் மடிப்புக் கலையாமக் கிடக்குதுன்னு எனக்குத் தகவல் இருக்கு. யாரு சொன்னான்னு கேக்காதே. செல்வியை நான் காட்டிக் குடுக்க மாட்டேன்.

கண்காட்சிக்குப் போயிட்டு வந்தப்புறம், புல்லு மேல பட்டம் விடற போட்டோவை எனக்கு அனுப்ப வேண்டாம். அடுத்த மாசத்துப் பில்லை அந்தக் கோடு தெரியறாப்புல ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. உசரம் குறைஞ்சிருந்தா ஊருக்கு வரும்போது உனக்கு ஒரு மூட்டை சம்பா அரிசி. குறையலைன்னா அரிசி கவினுக்கு.